புங்கங்குடிக்காட்டில் நிற்கும் வண்டி

என் தங்கை பூவிழியிடம் யாராவது "முடியாது" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அவள் சாப்பிடாமல் இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? இப்படி நான் காய்ந்து கிடந்த நாட்கள் நிறைய.

எங்கள் அப்பா வீரையன் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். இன்று ஒரத்தநாட்டுக்குத் தெற்கே புங்கங்குடிக்காட்டில் எங்கள் பேரிலேயே நிலம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வாய்க்காலின் கடைமடை. மேலே இருப்பவர்கள் எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு வரும். சில வருஷம் ஆள் மட்டும்தான் வருவார், தண்ணீர் ஏன் வரவில்லை என்று விளக்கம் சொல்ல. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பூவிழி டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து எஞ்சின் ஓட்டுநர் ஆனாள். பொம்பளைப் பிள்ளை எஞ்சின் ஓட்டுமா என்று கேட்டவர்களைத் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு நானே வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனேன். டீசல் எஞ்சின் ஜன்னலில் இருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கேட்டவர்களே அவளுக்குக் கையாட்டினார்கள்.

பிறகு கண் பரிசோதனையில் தேறவில்லை. கண்ணாடி போட்டும் சரிவரவில்லை. பயணிகள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், யார் மேலும் குறை சொல்ல முடியாது. எஞ்சினில் இருந்து இறக்கி அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் அழவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அவள் ஓட்டிய அதே டீசல் எஞ்சின், உள்ளங்கை நீளத்தில். உள்ளே ஸ்பீக்கர் வைத்து, நிஜ எஞ்சினில் பதிவு செய்த சத்தத்தோடு வந்தது. ஒரே ஒரு வம்பு, அது டிஜிட்டல் எஞ்சின்.

எங்கள் வீட்டு மாடி அறையில் அவள் பல வருஷமாகப் போட்டு வைத்திருக்கும் குட்டி ரயில் பாதை அனலாக். குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் கரண்ட் கூடும், வண்டி ஓடும். குறைத்தால் மெதுவாகும், அவ்வளவுதான். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு கரண்ட் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்குப் பொத்தானை அமுக்கி உத்தரவு அனுப்ப வேண்டும்.

சுவரை ஒட்டிச் சுற்றி வரும் அந்தப் பாதையின் தூரத்து மூலையில் ஒரு ஸ்டேஷன் உண்டு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'புங்கங்குடிக்காடு'. நிஜத்தில் எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. இவளாகப் பார்த்து ஸ்டேஷன் போட்டுக் கொடுத்தாள், யாரிடமும் மனு கொடுக்காமல்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் குட்டி ரயில் கண்காட்சி நடத்தப் போவதாக அறிவித்தார்கள். பாதையைக் கழற்றி அங்கே மாட்டிக்கொள்ளலாம் என்று பூவிழி பேர் கொடுத்தாள். நடத்துகிறவர் தியாகேசன், பாபநாசத்துக்காரர், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். ஆற்றோரத்தில் அவர்களுக்கு நிலம். தண்ணீர் திறந்த செய்தி எங்கள் காதுக்கு வருவதற்குள் அவர்கள் வயலில் தவளை கத்தும். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் பாதையைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "அழகா இருக்கு மேடம். ஆனா டிஜிட்டலுக்கு மாத்திடுங்க. சத்த எஞ்சினை அனலாக்ல ஓட்ட முடியாது" என்றார்.

சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கும் சோறு போச்சு என்று தெரிந்துவிட்டது.

"ஓடும் சார். பாருங்க" என்று பூவிழி குமிழைத் திருகினாள். முதலில் எஞ்சின் அசையவில்லை. மற்ற எஞ்சின்கள் கிளம்பிவிடும் அளவையும் தாண்டி இன்னும் திருகினாள். இருமிக்கொண்டு டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் வந்தது. சர்க்யூட் விழித்த பிறகுதான் சக்கரம் நகரும். சத்தத்தைக் கேட்டதும் என் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியில் உட்கார வைத்த நாளில் இருந்து நான் பார்க்காத முகம் அது.

எஞ்சின் உறுமிக்கொண்டே சுவரோரமாகப் போனது. தூரத்து மூலை வந்தது. புங்கங்குடிக்காட்டுப் பலகைக்கு முன்னால் விக்கியது, சத்தம் பொசுக்கென்று செத்தது, அப்படியே நின்றுவிட்டது.

"சொன்னேன்ல மேடம்" என்றார் தியாகேசன். "இன்னொண்ணும் இருக்கு. அனலாக்ல வண்டியை நிறுத்தினா சத்தமும் நின்னுடும். ஸ்டேஷன்ல செத்த எஞ்சின் மாதிரி நிக்கும், ஜனங்க சிரிப்பாங்க. அடுத்த ஞாயிறு வரேன். மாத்தியிருந்தா மண்டபத்துல இடம், இல்லைன்னா மன்னிச்சுக்குங்க."

அவர் போனதும் நான் கத்தினேன். "நம்ம ஊர் வந்ததும் நிக்கணுமா அது? மாத்தித் தொலையேன் பாப்பா!"

"மாத்த மாட்டேண்ணே. நான் சேத்து வெச்ச மத்த எஞ்சின் எல்லாம் வீணாயிடும். அதோட, பொத்தானை அமுக்கினாக் கத்துறது வெறும் பொம்மை. இந்தக் கையால ஏத்தி எறக்குனாத்தான் நான் ஓட்டுறேன். அதையும் பிடுங்கிட்டா எனக்கு என்ன இருக்கு?"

நான் டார்ச்சை எடுத்து வந்து கொடுத்தேன்.

பாதையைத் தாங்கும் மேடைப் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பழைய எஞ்சின்களும் அந்த மூலையில் கொஞ்சம் தளரும். நம் ஊர் வருகிறதே என்று மரியாதையாக மெதுவாகப் போகிறது என்று நான் கேலி செய்வேன். திடீரென்று அடியில் இருந்து சிரிப்புச் சத்தம்.

"அண்ணே, கரண்டை இந்த முனையில மட்டும் குடுத்திருக்கேன். தண்டவாளத்து மூட்டு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிட்டு, மூலைக்குப் போறப்ப மிச்சமே இல்ல. கடைமடைக்குத் தண்ணி விடாதவ யாருங்கிற? நான்தான்!"

காலமெல்லாம் மடை மடையாகப் போய்ச் சண்டை போட்ட குடும்பம். எங்கள் வீட்டுக்குள்ளேயே எங்கள் ஊரைக் காயப் போட்டிருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

அந்த வாரம் தடித்த ஒயர் வாங்கி வந்து, குமிழ் இருக்கும் கன்ட்ரோலரில் இருந்து புங்கங்குடிக்காட்டுக்கு நேராக ஒரு இணைப்பு இழுத்தோம். வழியில் பல இடங்களில் கிளை விட்டோம். எங்கள் ஊருக்கு முதலில் கொடுத்தவன் நான்தான், அதில் எனக்குக் கூச்சமே இல்லை. பிறகு பூவிழி குமிழோடு உட்கார்ந்துவிட்டாள். சக்கரம் நிற்க வேண்டும், சத்தம் சாகக் கூடாது. அதற்கு இடையில் இருப்பது ஒரு மயிரிழை. குமிழைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினால் எஞ்சின் தூங்கிவிடும். கண்ணை நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு, காதை வைத்தே அந்த இடத்தைப் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தியாகேசன் வந்தார். பழைய குமிழைப் பார்த்ததுமே, "மாத்தலையா மேடம்?" என்றார்.

"இல்ல சார்."

எஞ்சின் இருமி எழுந்தது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றியது. மூலையில் விக்கவில்லை, தளரவில்லை. மறு சுற்றில் புங்கங்குடிக்காடு நெருங்கும்போது பூவிழி கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி மெதுவாகி, பலகைக்கு நேராக நின்றது. சக்கரம் அசையவில்லை. சத்தம் மட்டும் தட தடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நிஜ ஸ்டேஷனில் கிளம்பக் காத்திருக்கும் டீசல் எஞ்சின் இப்படித்தான் நிற்கும்.

தியாகேசன் குனிந்து தண்டவாளத்துக்குக் காது கொடுத்தார். நிமிர்ந்தவர், "ஒத்துக்கிறேன் மேடம். மண்டபத்துல உங்களுக்கு இடம் உண்டு" என்றார். பிறகு வாட்ச்சைப் பார்த்தார். "வண்டியை எடுங்க, மிச்சச் சுத்தையும் பாத்துட்டுக் கிளம்பறேன்."

பூவிழி குமிழில் இருந்து கையை எடுக்கவில்லை.

"இது எங்க ஊர் ஸ்டேஷன் சார். இத்தனை வருஷமா இங்க எந்த வண்டியும் உசுரோட நின்னதில்ல. இன்னைக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்னு ஓட்டுறவதான் சொல்லணும். உக்காருங்க, அண்ணன் டீ போடுவாங்க."

அவர் உட்கார்ந்தார். நான் டீ போடக் கீழே இறங்கினேன். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்குக் கேட்டது.