சோப்புத் தண்ணீரில் வெந்த பைப்

புகையிலைப் பைப்பைத் தண்ணீரில் போடக் கூடாது. புதிதாகப் பைப் பிடிக்கத் தொடங்குபவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். என் அப்பாவுக்கும் இதைச் சொல்லித்தான் இருந்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து ராணிப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த சமயம். ஆரணியில் பிரவுசிங் சென்டர்கள் அப்போதுதான் முளைத்திருந்தன. எங்கள் வீட்டில் நான்கு தறி. நெய்த சேலைகளில் பாதிக்கு மேல் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவருக்குப் போகும். அவருக்கு நெஞ்சுவலி வந்து, டாக்டர் புகையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். அவரிடம் இருந்தது அவருடைய அப்பாவின் பைப். தூக்கிப் போட மனமில்லாமல் அதை என் அப்பா கையில் கொடுத்தார்.

“உங்க கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும், சாமி. வர்றப்போ எல்லாம் ஒரு தடவை பாத்துக்கறேன். சும்மா வெக்காதீங்க, புடிங்க. புடிச்சாத்தான் அது உயிரோட இருக்கும்.”

அதுவரை தெருமுனையில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பா, அன்றிலிருந்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவர் செய்த தவறுகளை நான் வரிசையாகவே கவனித்தேன். சாம்பலைத் தட்டுவதற்குத் தறிக்கால். அடைப்பு எடுப்பதற்குத் துடைப்பக் குச்சி. அது உள்ளேயே முறிந்து நின்றது. பைப் சூடாக இருக்கும்போதே வாய்க்குழலைப் பிடித்து இழுப்பது. ஒரே பைப்பை நாள் முழுக்க ஓய்வில்லாமல் புகைப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து அவருக்குச் சொன்னேன். ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். நேராக இழுக்காமல் திருகிக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறை புகைத்த பிறகும் பஞ்சு சுற்றிய கம்பியைத் துளைக்குள் விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரியை முழுவதும் சுரண்டாமல் மெல்லிய பூச்சாக விட்டுவைக்க வேண்டும். அதுதான் மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். ஒரு நாள் புகைத்தால் ஒரு நாள் ஓய்வு. தண்ணீர் கூடவே கூடாது.

“மரக்குழாய்க்கு இவ்ளோ பேஜாரா?” என்றார் அப்பா. “பீடி எவ்ளோவோ தேவலாம்மா.”

“அப்ப பீடியே குடிங்கப்பா.”

“அது எப்டி? அவுரு வந்து கேப்பாரு இல்ல.”

கடைக்காரர் வெள்ளிக்கிழமை வருவதாகப் புதன்கிழமை போன் வந்தது. அன்று மாலை நான் வேலை முடிந்து பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. கச்சாப் பட்டில் ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்தால்தான் அது கழன்று நூல் மிருதுவாகும், பளபளப்பு வரும். எங்கள் தெருவில் அது அன்றாட வேலை. ஆனால் அன்று பாத்திரத்தில் பட்டு இல்லை.

“இன்னாப்பா இது?”

“உள்ள பிசின் மாதிரி புடிச்சிகினு இருந்துது. பட்டுல பசை எடுக்கறதில்லையா? அதே கணக்குதான். இன்னும் கொஞ்சம் வெந்தா பளிச்சுனு ஆயிடும்.”

அம்மா அரிசி புடைத்தபடியே, “நான் வேணான்னு சொன்னேன். சோறு வெந்துதான்னு பாக்கற மாதிரி கெளறிகினு இருந்தாரு,” என்றாள்.

இடுக்கியால் பைப்பை வெளியே எடுத்தேன். மேற்பூச்சு முழுக்கப் போய், மரம் ஊறப்போட்டுத் தோலுரித்த புளியங்கொட்டைபோல் வெளிறியிருந்தது. கடின ரப்பரில் செய்த கருப்பு வாய்க்குழல் பழுப்பாகி, கந்தக வாடை அடித்தது. விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“அவுங்க அப்பா வெச்சிருந்ததும்மா,” என்றார். அதன் பிறகு என்னால் திட்ட முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். ஈரத்தையும் சோப்பு வாடையையும் எடுக்க ஸ்பிரிட் வேண்டும்; மருந்துக்கடை ஸ்பிரிட்டை வாயில் வைக்கும் பொருளில் பயன்படுத்த முடியாது என்பதால், ஹோமியோபதி டாக்டரிடம் போய் அவர் மருந்து கலக்கும் ஸ்பிரிட்டைக் கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்டார். பைப்புக்கு என்றேன். தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக்கொண்டு பிளம்பரைப் பார்க்கச் சொன்னார். விளக்கி வாங்கி வந்து, பஞ்சை நனைத்துக் கிண்ணத்துக்குள் அடைத்து வைத்தேன். அழுக்கு ஏறியதும் பஞ்சை மாற்றினேன். மெல்லிய கம்பியில் பருத்தி நூலைச் சுற்றித் துளையைத் துடைத்தேன். வாய்க்குழலைப் பற்பசை போட்டுத் தேய்த்து, துளி எண்ணெய் தடவினேன். மரத்துக்கு மெழுகு. அப்பா பக்கத்தில் நின்று, “வெயில்ல வெச்சா ஜல்தியா காயும்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெயிலில் வைத்தால் விரிசல் ஓடும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் வெயிலில் வைத்துவிட்டார். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் வந்தார். சேலைகளைப் பார்ப்பதற்கு முன்பே பைப்பைக் கேட்டார். அப்பா துணியில் சுற்றி எடுத்து வந்தார். நிறம் ஏறக்குறைய திரும்பியிருந்தது. அவர் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். விரிசலில் விரல் நிற்கவில்லை. பற்ற வைக்காமல் வாயில் வைத்துக் காற்றை மட்டும் ஒரு முறை இழுத்தார்.

“என்ன சாமி, சவுக்காரம் போட்ட மாதிரி இருக்கு?”

அப்பா கொஞ்சமும் தடுமாறவில்லை.

“பொண்ணுதாங்க கிளீன் பண்ணா. டிப்ளமா படிச்சிகீறா இல்ல, சொன்னா கேக்க மாட்டா.”

நான் காபி டம்ளருடன் நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கடைக்காரர் கோபப்படவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, பைப்புக்குத் தண்ணீர் ஆகாது, சூட்டோடு கழற்றக் கூடாது, கரியை முழுக்கச் சுரண்டக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். “படிச்ச பொண்ணு, இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்மா,” என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “கேட்டுக்க, கேட்டுக்க,” என்றார்.

“சரிங்க,” என்றேன்.

அவர் போன பிறகு அப்பாவைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“நான் பண்ணேன்னு சொன்னா அவுரு மனசு கஷ்டப்படும். நம்பிக் குடுத்தவரு. நீ சின்னப் பொண்ணு, உன்ன இன்னா சொல்லப் போறாரு?” என்றார். பிறகு பைப்பை என்னிடமே நீட்டினார். “இனிமே இத நீயே பாத்துக்க. உன்கிட்ட சொல்லிட்டுதானே போயிருக்காரு.”