கடைசி வளைவில் ஒரு சவள் பனி

போன மாசி மாதம், ஒஸ்லோவில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காட்டோரம். எட்டு வயது மகளுக்கு முதல் பனிச்சறுக்குப் போட்டி. எனக்கும் பனிச்சறுக்குக்கும் பெரிய உறவில்லை. நான் நிற்பேன், சறுக்குக்கட்டை போகும், பிறகு நான் படுத்திருப்பேன்.

இங்கே பிள்ளைகளின் போட்டி என்றால் பெற்றோர் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும். டுக்னாட் என்பார்கள். வாஃபிள் சுடும் கூடாரம் கதகதப்பாக இருக்குமே என்று முந்திக் கை தூக்கினேன். கிடைத்ததோ 'பாதைப் பொறுப்பாளர்' என்று முதுகில் எழுதிய மஞ்சள் மேற்சட்டை. மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"விழாமல் நிண்டாலே காணும்."

முந்தின நாள் பெய்த மழையில் கடைசி வளைவில் பனி கரைந்து புல் தெரிந்தது. வேகமாக வரும் பிள்ளை அதில் மாட்டினால் முகம் குப்புறத்தான். அதை மூடாவிட்டால் சின்னவர்களின் ஓட்டம் கிடையாது என்று போட்டி நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள். மார்பில் இலக்கத்தைக் கட்டிக்கொண்டு மகள் என்னையே பார்த்தாள்.

எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. கார் தரிப்பிட ஓரத்தில் குவிந்து கிடந்த பனியை மண்வெட்டி போன்ற சவளால் அள்ளி, பிள்ளைகளின் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்து ஓடினேன். மற்றப் பெற்றோரும் ஓடினார்கள். பழைய நீல அங்கி போட்ட வயதான பெண்மணி ஒருவர் மட்டும் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவராக்கும் என்று எனக்குள் எரிச்சல். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், "சும்மா நிக்காமல் இதைப் பிடியுங்கோ" என்று சவளை நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கி அள்ளத் தொடங்கினார். சவளைப் பிடிக்கும் விதம், பனியை மிதித்து இறுக்கும் விதம் எல்லாம் விளக்கினேன். கவனமாகத் தலையாட்டிக் கேட்டார்.

அப்போதுதான் ஒலிபெருக்கி முழங்கியது. தேசியப் பனிச்சறுக்குச் சங்கத்தைப் பல காலம் தலைமை தாங்கி நடத்தியவர், நாடெங்கும் சறுக்குப் பாதைகள் போடவைத்தவர், இந்தப் பாதையையும் உருவாக்கியவர், கொடியசைத்துத் தொடக்கிவைக்க வந்திருக்கிறார், எங்கே அவர் என்று கேட்டது. எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. நீல அங்கிக்காரி நிமிர்ந்தார். கன்னம் சிவந்து, கையுறை நனைந்து சொட்டியது.

"பொறுப்பாளர், இன்னும் கொஞ்சம் பனி வேணும். நான் இப்ப போகலாமோ, முடிச்சிட்டுப் போகட்டோ?"

பகிடி இல்லை. டுக்னாட்டில் மஞ்சள் சட்டை போட்டவன் சொல்வதுதான் முடிவு. புல்லைப் பார்த்தேன். தூரத்தில் மகளைப் பார்த்தேன்.

"முடிச்சிட்டுப் போங்கோ."

"சரி," என்று மறுபடி குனிந்தார். ஒலிபெருக்கியும் ஊரும் காத்திருந்தன. புல் மறைந்த பிறகுதான் போய்க் கொடியை அசைத்தார்.

மகள் வளைவுக்கு வந்தாள், சாய்ந்தாள், வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்! தமிழில் கத்திக்கொண்டு பின்னால் ஓடிய நான் அதே வளைவில் மல்லாக்க விழுந்தேன். அவள் எத்தனையாவது என்று கேட்காதீர்கள், இங்கே சின்னவர்களுக்கு அதை எண்ணுவதில்லை. விழுந்தவர்களை எண்ணினால் நான்தான் முதலாவது.

மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் இப்போதெல்லாம் கோயில் திருவிழாவிலோ தமிழ்ப் பள்ளி ஒன்றுகூடலிலோ என்னை யாராவது தலைவராக்கினால், மேடை எங்கே என்று தேடுவதில்லை. சவள் எங்கே என்றுதான் தேடுகிறேன்.