பூஜை நாளில் ஒன்பது குழி

ஆயுத பூஜை அன்று மதியம் சென்னை பஸ்ஸில் ஏறிப் பிரேம்குமார் போய்விட்டார். காலாப்பட்டில் கடலை ஒட்டிய விடுதியின் கோல்ஃப் மைதானத்துக்கு ஆறு வருடம் மேலாளராக இருந்தவர். மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. பெட்டியைத் தூக்கி வைத்த கலைவாணியிடம், "இன்னிக்கு விருந்தாளி யாரும் இல்ல. ஒன்பது குழியும் ஆடிடு. நாளைக்கு வர்றவர் விடமாட்டார்" என்றார்.

கலைவாணி அங்கே புல் வெட்டுகிறவள். மற்றவர்கள் தொலைத்த பந்தைத் தேடிக் கொடுத்தே சலித்துப்போனவள். முதல் குழியிலிருந்து கடலோரக் கடைசிக் குழிவரை ஒருமுறையாவது தானே அடித்துவிட வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அனுமதி கிடைத்துவிட்டது. பந்தை அடிக்கும் கிளப்தான் கிடைக்கவில்லை.

அதற்கும் அவளேதான் காரணம். வழக்கமாகப் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் மண்வெட்டிக்கும்தான் பூஜை. இந்த வருடம் அவளுக்குப் பக்தி கூடிப்போய், கோல்ஃப் கிளப் அத்தனையையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன் சாய்த்திருந்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது.

கிடங்கு வாசலில் உடன் வேலை செய்யும் பாக்கியலட்சுமி பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்க்கா."

"சாமி முன்னாடி வெச்சத எடுப்பியாடி? நாளைக்கு எடுத்துக்க."

"நாளைக்குப் புது சார் வந்துடுவாரு."

"அப்ப கையால உருட்டு."

பந்துகளுக்கு மட்டும் கலைவாணி குங்குமம் வைக்க மறந்திருந்தாள். அந்த மட்டில் சாமி கண் திறந்தது. விழுந்து கிடந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்தாள். கத்தியும் பூஜையில் இருந்ததால் ஓலையைக் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு ஆடத் தொடங்கினாள்.

பந்து பறக்கவில்லை, தவளைபோலத் தத்திப் போயிற்று. பாக்கியலட்சுமி பொரியோடு கூடவே நடந்து, குழிக்குக் குழி, "இதுக்கா ஆசப்பட்ட?" என்று விசாரித்தாள். கடைசிக் குழியில் பந்து சரிந்து சரிந்து கடற்கரைக்கு இறங்கியது. இவளும் இறங்கி மணலிலிருந்தே அடித்தாள். சீட்டாடிக்கொண்டிருந்த மீனவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். இருட்டுவதற்குள் பந்து குழியில் விழுந்தது. பாக்கியலட்சுமி மிச்சப் பொரியை அவள் கையில் கொட்டினாள்.

அன்றே பிரேம்குமாருக்கு வாட்ஸ்அப்பில், ஒன்பதும் முடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. புது மேலாளர் வந்தார். ஊழியர்கள் ஆடக் கூடாது என்று பலகை நட்டார். பலகையைச் சுற்றிப் புல் வெட்டுவதும் அவள் வேலையாயிற்று.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் செல்போனில் பதில் வந்தது.

"கடைசிக் குழியையுமா? நான் இருந்த வரைக்கும் எனக்கு அதுல ஒருநாளும் பந்து விழல. யார்கிட்டயும் சொல்லிடாத."