கவிதாவின் பிராமி நெய்

போன வாரம் என் மகள் கவிதாவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். எனக்குப் பயமாகிவிட்டது. இரண்டாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் புகார் சொல்லத்தான்!

கவிதாவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. பாடம் நடக்கும்போதே ஜன்னலுக்குப் போவாள். எழுதுவதைப் பாதியில் விட்டு அடுத்த பெஞ்சுக்குப் போவாள். "இப்படியே இருந்தா டி.சி.தாங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஓசூரில் அந்தப் பள்ளியில் இடம் வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்...

பெங்களூரில் காட்டிய டாக்டர் 'அட்டென்ஷன்' என்று தொடங்கி ஏதோ நீளமாகச் சொன்னார். பாதி புரியவில்லை. புரிந்த பாதி தூக்கத்தைக் கெடுத்தது. பக்கத்து வீட்டில் சொன்னார்களே என்று அத்திப்பள்ளியில் ஒரு வைத்தியரிடம் போனோம். நாடி பார்த்து, "மகு சென்னாகிதெம்மா" என்றார் கன்னடத்தில். குழந்தை நன்றாக இருக்கிறதாம்! அப்புறம் எதற்கு, மூளைக்கு நல்லதென்று ஒரு பெரிய பாட்டில் பிராமி நெய்? கேட்கத் தைரியம் வரவில்லை.

காலையில் நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன். வெறும் வயிற்றில் நெய் கொடுப்பது நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் கணவரின் பொறுப்பு. டீச்சரிடமும் மருந்து விஷயத்தைச் சொல்லிவைத்தேன்.

அதற்குத்தான் இந்தச் சிரிப்பு.

"நல்ல மருந்துங்க! மொதல்ல எழுந்து எழுந்துதான் போனா. மருந்து பிடிக்க டைம் ஆகும்னு நானும் திட்டாம விட்டுட்டேன். போர்டு அழிக்க, சாக்பீஸ் எடுத்துட்டு வர அவளையே அனுப்புவேன். இப்ப உக்காந்து எழுதறா. டி.சி. பேச்சே இல்ல. மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து கணவரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கே சரியில்லை.

"மொத நாளே துப்பிட்டா. அப்புறம் நான் குடுக்கவே இல்ல."

"பாட்டில் காலியாயிருச்சே?"

"வீணாப் போகுதேன்னு... நானே சாப்பிட்டேன்."

அப்படியானால் கவிதா மாறியது எதனால்? டாக்டர் சொன்ன அந்த நீளமான பெயர் என்ன ஆனது? டீச்சரிடம் உண்மையைச் சொன்னால் பழைய திட்டு திரும்பி வந்துவிடுமோ? சொல்லாமல் இருந்தால் அது பொய்யில்லையா? சத்தியமாக எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி பஸ் ஏறி இன்னொரு பாட்டில் வாங்கி வந்தேன் — யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்!