வெள்ளைத் தோலுக்குக் கீழே

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டலில் கைக்கடிகார உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தில்லைநாயகிக்கு இருபத்திரண்டு வருட வேலை. காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அரிசிமணியிலும் சிறிய பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கீறல் விழுந்தவை ஒரு தட்டில், பல் வளைந்தவை இன்னொரு தட்டில், நல்லவை தனியே. பிரெஞ்சு அவளுக்கு இன்றுவரை தட்டுத்தடுமாற்றம்தான். ஆனால் அவள் கண்ணைத் தாண்டி ஒரு பிழையும் போகாது என்று மேற்பார்வையாளர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார்.

மகள் சரணியா பேர்ணில் சட்டம் படிக்கப் போய், அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள். கணவன் குகநாதன் உணவகச் சமையலறையில் நிற்கிறவர். அவள் வேலை முடிந்து வருமுன் போய்விடுவார், அவள் படுத்த பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இருவரும் ஒரு மேசையில் சாப்பிடுவார்கள்.

பாம்பு அந்த வீட்டுக்குள் வந்தது தற்செயலாகத்தான். பத்து வருடங்களுக்கு முன்பு, மேல்மாடியில் இருந்த போர்த்துக்கீசப் பெண் ஊருக்குப் போகும்போது, ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே லோலா என்ற பெண் அரச மலைப்பாம்பு. மண்ணிறமும் கறுப்புமாக, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாது. அந்தப் பெண் திரும்பி வரவேயில்லை. முதல் வாரம் அறைக்கதவைப் பூட்டி வைத்திருந்த தில்லைநாயகி, ஆறாம் மாதம் லோலாவை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கோயிலில் கண்ட ஒருத்தி, "உங்கட வீட்டை வரப் பயமாக் கிடக்கு அக்கா" என்று சிரித்தாள். சிரித்தவள் பிறகு வரவேயில்லை.

மகள் போனபின் அவளுடைய அறை லோலாவின் அறையாயிற்று. வேலை முடிந்து வந்தால் தில்லைநாயகி பாம்பு வளர்ப்பவர்களின் பக்கங்களைக் கைப்பேசியில் புரட்டிக்கொண்டிருப்பாள். எந்த நிறத்தை எதனோடு சேர்த்தால் என்ன வரும் என்பதெல்லாம் மனப்பாடமாயிற்று. அப்படித்தான் அவளுக்கு வெள்ளையில் ஆசை விழுந்தது. புள்ளியில்லாத வெண்மை, நீலக் கண். அப்படி ஒரு ஆணை லோலாவோடு சேர்த்தால் முதற் குட்டிகள் வெள்ளையாகப் பிறக்கமாட்டா. ஆனால் எல்லாமே வெள்ளையைச் சுமக்கும், அவற்றின் வழியாக அடுத்த தலைமுறையில் வெள்ளை வரும். இருபத்திரண்டு வருடமாக யாரோ செய்ததைப் பிழை பார்த்துக் கழித்தவளுக்கு, அழகான ஒன்று தன் கையால் உண்டாகவேண்டும் போலிருந்தது.

இவெர்டோனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஜாக்கே என்ற கிழவர் தன் பாம்புகளை விற்கிறார் என்று விளம்பரம் கண்டாள். இருபது வருடமாகப் பாம்பு வளர்த்தவர். சுவாசப்பை பழுதாகி, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு நடமாடினார். வளர்ந்த வெள்ளை ஆண் ஒன்று அவரிடம் இருந்தது. குட்டியாக வாங்கினால் பருவத்துக்கு வர இரண்டு வருடம் காத்திருக்கவேண்டும். இதை வருகிற குளிர்காலத்திலேயே சேர்க்கலாம்.

"இதை நான் ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் வாங்கினேன்" என்றார் ஜாக்கே. "வெள்ளை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும், மேடம். அதற்குக் கீழே என்ன மரபு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய்."

அவர் மறைக்கவில்லை. மரபணுவுக்கு உத்தரவாதமில்லை என்று கடதாசியிலும் எழுதி, கையெழுத்து வாங்கினார். தில்லைநாயகி பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒக்டோபர் மாதக் குளிரில் அது அசையாமல் பாரமாகக் கிடந்தது. பருத்திப் பைக்குள் விட்டு, பையைக் குளிர்காப்புப் பெட்டிக்குள் வைத்து, மடியில் சுமந்துகொண்டு ரயிலேறினாள்.

ஞாயிறன்று குகநாதன் கேட்டார்: "எங்கை பிறந்தது, ஆற்றை குட்டி எண்டு ஒண்டும் தெரியாதோ?"

"வாங்கின கடதாசித் துண்டு இருக்கு. தாய் தேப்பன் ஆரெண்டுதான் தெரியாது."

"கடதாசி சரியில்லை எண்டு எங்கட அகதி விண்ணப்பத்தையே எட்டு வருசம் இழுத்தடிச்சவங்கள். இப்ப ஊர்பேர் தெரியாத பாம்பொண்டும் வேணுமே உனக்கு?"

இருவரும் சிரித்தார்கள். அவர்தான் அதற்கு வெள்ளையன் என்று பெயரும் வைத்தார்.

ஆறு வாரம் வெள்ளையன் ஒன்றும் தின்னவில்லை. இடம் மாறினால் வளர்ந்த பாம்புகள் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக வைத்த எலியை இடுக்கியால் பிடித்து நீட்டினாள். வெள்ளையன் தலையைத் தூக்கினான். தூக்கிய தலை நடுங்கியது. பிறகு மெதுவாக ஒரு பக்கம் சரிந்து, தாடை மேலே பார்க்கும்படி திரும்பிற்று. அப்படியே பாய்ந்தான். எலிக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடியில் மோதினான். மூன்றாம் முறைதான் பிடித்தான்.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். பாம்பு வளர்ப்பவர்கள் ஸ்பைடர் என்று சொல்லும் வகையைப் பற்றி அவள் படித்திருந்தாள். சிலந்திவலைபோல மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும் அழகான வகை. ஆனால் அந்தக் கோடுகளைத் தரும் மரபே தலையின் சமநிலையையும் கெடுத்துவிடும். சிலதுக்குக் கொஞ்சம், சிலதுக்குப் படுமோசம். வெள்ளை மூடினால் கோடுகள் தெரியா, தலையாட்டம் மட்டும் மிஞ்சும். இந்த நாட்டில் அதைக் குட்டிக்கு விடக்கூடாது என்றும் படித்திருந்தாள்.

அவள் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டாள். ஆறு வாரப் பசி, அதுதான் நடுக்கம் என்று நினைத்தாள். ரயிலில் வந்த அதிர்ச்சியாகவும் இருக்கலாம். பெட்டியின் சூடு கூடிப்போயிருக்கும். ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் நம்பினாள். சூட்டைக் குறைத்தும் பார்த்தாள். நடுக்கம் குறைந்தது போலத்தான் இருந்தது. சரணியா தொலைபேசியில், "புதுப் பாம்பு எப்பிடி அம்மா?" என்று கேட்டபோது, "நல்லாச் சாப்பிடுது" என்றாள்.

ஜனவரியில் வெள்ளையனை லோலாவின் பெட்டிக்குள் விட்டாள்.

ஏப்ரலில் லோலா ஆறு முட்டை இட்டது. தில்லைநாயகி அவற்றை அடைகாக்கும் பெட்டியில் வைத்து, வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் சூட்டைக் குறித்துக்கொண்டாள். ஒன்று பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. ஜூனில், ஒரு சனிக்கிழமை, மற்ற ஐந்தும் கோது கிழிந்து மூக்கை நீட்டின. குகநாதனும் வேலைக்குப் போகுமுன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்குது" என்றார்.

திங்கட்கிழமை எல்லாம் வெளியே வந்துவிட்டன. இரண்டு மண்ணிறத்தில் பொன் கலந்து நேராக ஊர்ந்தன. மற்ற மூன்றின் முதுகிலும் மெல்லிய கறுப்புக் கோடுகள். அந்த மூன்றின் தலையும் ஆடிற்று. மூன்றில் சிறியதோ தலையை முறுக்கி முறுக்கி, திருகாணிபோலத் தன் உடம்பையே சுற்றிக்கொண்டு மல்லாந்தது. அவள் நிமிர்த்திவிட்டாள். திரும்பவும் மல்லாந்தது. அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

லோசானில் ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவர் இருந்தார், இளம் பெண். ஐந்தையும் மேசையில் விட்டுப் பார்த்துவிட்டு, "தகப்பனுக்கும் இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் தில்லைநாயகி.

வைத்தியர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. "ஓம். இருக்கு" என்று தமிழில் வாயில் வந்ததை, திருத்தி, பிரெஞ்சில் சொன்னாள். "சேர்ப்பதற்கு முன்னமே கண்டேன்."

வைத்தியர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சிறியது தானாகத் தின்னாது, அதை வைத்திருப்பது வதை என்றார். மற்ற இரண்டும் இருக்கும், ஆனால் இப்படியேதான் இருக்கும், மாற மருந்து இல்லை. ஊசி போடும்போது வெளியே நிற்கலாம் என்றார். தில்லைநாயகி நின்று பார்த்தாள். ஒரு முழம்கூட இல்லாத உடம்பு. முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்ந்து, அது முதல் தடவையாக நேராகக் கிடந்தது.

அடுத்த நாள் தொழிற்சாலையில் தான் பார்த்து முடித்த தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டி, இன்னொருக்கால் பார்க்கச் சொன்னாள். அவள் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதானே என்று வியந்தாள். தில்லைநாயகி அடுத்த தட்டை எடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜாக்கேயின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு பெண் குரல் வந்தது, அவருடைய தங்கை. அண்ணன் மே மாதம் இறந்துவிட்டார் என்றாள். மீதிப் பாம்புகளை ஒரு வியாபாரி மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனானாம். எங்கே போனான் என்று தங்கைக்குத் தெரியாது. அங்கே இருந்த காலத்தில் வெள்ளையனுக்குப் பிறந்த குட்டிகளும் அவற்றில் இருந்திருக்குமோ என்று கேட்க நினைத்து, கேட்காமலே வைத்துவிட்டாள்.

நல்ல இரண்டு குட்டிகளையும் விற்க விளம்பரம் போட்டாள். செப்டம்பரில் ரெனானிலிருந்து பானுஜன் என்றொருவன் வந்தான். முப்பது வயதிருக்கும், வாகனம் திருத்துகிற வேலை. குட்டிகளைப் பார்க்கவந்தவன் வெள்ளையனைக் கண்டதும் அந்தப் பெட்டியடியிலேயே நின்றுவிட்டான்.

"அன்ரி, இதைத் தரமாட்டியளோ?"

"அதுக்குள்ளை ஸ்பைடர் கிடக்கு தம்பி. மூண்டு குட்டி தலையாட்டிக்கொண்டு பிறந்தது. ஒண்டை ஊசி போட்டது."

"அதுக்கென்ன? வெள்ளையோடை வெள்ளையைச் சேர்த்தால் குட்டியெல்லாம் வெள்ளை. வாங்கிறவைக்கு என்னெண்டு தெரியப்போகுது?"

சொன்னது அவன். ஆனால் டிசம்பரில் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து தான் கண்டதைக் காணாததாக்கியதும் ஏறக்குறைய அதுதான் என்று அவளுக்குப் பட்டது. வெள்ளையனைத் தரவில்லை. குட்டிகளையும் தர மனம் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகுது என்று அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டாள்.

இப்போது அந்த அறையில் ஆறு பெட்டிகள். புதன்கிழமை தீனி. லோலாவுக்கும் நல்ல இரண்டுக்கும் பத்து நிமிடம். மற்ற மூன்றுக்கும் ஒன்றரை மணித்தியாலம். எலியை அசைக்காமல் வாயருகே பிடிக்கவேண்டும். குறிதவறினால் பொறுத்து, மறுபடி நீட்டவேண்டும். கை உளையும்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்த சரணியா ஒரு புதன்கிழமை வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"முப்பது வருசம் இருக்குமாம் அம்மா இதுகள். வாசிச்சனான். உங்களுக்கு இப்ப ஐம்பத்தொண்டு."

"ஓம்."

"பிறகு ஆர் பாக்கிறது?"

தில்லைநாயகி இடுக்கியை இறக்காமல் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதேங்கோ" என்றாள் சரணியா. குரலில் கோபம் இல்லை. "என்னாலை ஏலாது. அப்பாவும் செய்யமாட்டார். இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு குறை சொல்லக்கூடாது."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே பிள்ளை."

சரணியா, அன்று லீவில் நின்ற தகப்பனுக்குச் சாப்பாடு சூடாக்கவேண்டும் என்று குசினிப் பக்கம் போனாள். கோடு விழுந்த குட்டிகளில் ஒன்று தலையைக் கவிழ்த்துப் பாய்ந்து, வெறும் காற்றைக் கவ்விற்று. தில்லைநாயகி எலியைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துக்கொண்டு, அது மறுபடி தலையைத் தூக்கும்வரை இருந்தாள்.