டமாரம் நிரப்பிய தோட்டாக்கள்

அந்தப் பழத்தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் டமாரம்தான். டமாரச் செவிடு என்று சொல்ல வந்தவர்கள் பாதியை மரியாதைக்காக விழுங்கிவிட்டு மீதியைப் பெயராக வைத்துவிட்டார்கள். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதுப் பக்கம் வந்து, வாயைக் கிட்டே வைத்துச் சொன்னால் கேட்கும். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டில் உப்பு குறைச்சல் என்று அவர் சொன்னால் பழம் தரம் பிரிக்கும் கொட்டகை வரைக்கும் கேட்கும்.

காதைத் தின்றது துப்பாக்கி. மரத்தடியைக் கிளறி வேரோடு சாய்த்துவிடும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்குத் தோட்டத்தில் உரிமம் வாங்கிய பழைய இரட்டைக்குழல் ஒன்று உண்டு. இளம் வயதிலிருந்து அதைத் தோளில் வைத்துச் சுட்டவர் அவர்தான். காது போனதும் அவர் தோட்டத்துக் கிடங்கு வேலைக்கு மாறினார், துப்பாக்கி மனைவியின் தம்பிக்குப் போயிற்று. தோட்டா நிரப்பும் வேலை மட்டும் இவரோடு தங்கிவிட்டது. அதில் அவர் ஒரு பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தோட்டாவைச் சுட்டுவிட்டுத் தூக்கி எறிகிறார்களே, அது அவருக்கு வயிற்றெரிச்சல். பித்தளைக்கூடு என்றால் மறுபடி மறுபடி நிரப்பலாம். சுட்டு வந்த கூடுகளைச் சோப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, அழுகிய முட்டை வாடை போகிறவரை தேய்ப்பார். வெயிலில் காய்ந்ததும் அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு, உள்ளே கரிமருந்து, அதன் மேல் அட்டை வட்டு. அந்த வட்டை மரக்குச்சியால் அழுத்தும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். மருந்துக்கும் அட்டைக்கும் நடுவே காற்று நின்றால் குழலுக்கு ஆபத்து. பிறகு கம்பளித் துண்டு, ஈயக் குண்டுகள், மெல்லிய அட்டை, கடைசியாக விளிம்பைச் சுற்றி மெழுகு.

மனைவி அதே அறையின் மறுகோடியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். கெட்டிக்காரி, சிக்கனக்காரி. அவளிடம் ஒரே ஒரு வியாதி: எதையும் பாதியாகப் பார்க்கச் சகிக்காது. இரண்டு டப்பாவில் பாதிப் பாதி சோப்புத்தூள் இருந்தால் ஒன்றில் கொட்டி, காலியானதைக் கழுவிக் கவிழ்த்தால்தான் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். பெற்றவர்கள் போனபின் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் மீசை வைத்த ஆளான பிறகும் சாப்பிட்டானா என்று தினமும் கேட்பாள். டமாரம் சாப்பிட்டாரா என்று கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்தத் தம்பி ஒருநாள் டவுனிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் மருந்து கொண்டுவந்தான். பிளாஸ்டிக் தோட்டா நிரப்புகிற நண்பன் கொடுத்ததாம், புகையே வராதாம்.

"மாப்ள, இது நம்ம துப்பாக்கிக்கு ஆவாது. அளவு வேற, வேகம் வேற. கரிமருந்து போடுற கரண்டியால இதப் போட்டா குழல் பிளந்துரும். திருப்பிக் குடுத்துரு" என்றார் டமாரம், கொட்டகைக்கே கேட்கும்படி.

"அடுத்த தடவ டவுனுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறேன் மாமா" என்றான் அவன். ஜாடி மேல்தட்டில், கரிமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அவன் டவுனுக்குப் போனான், வந்தான். ஜாடி அங்கேயே இருந்தது. டமாரமும் அதை மறந்தார்.

புதிதாக டப்பா பிரித்தால் ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டுத்துண்டில் கொளுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். கரிமருந்து என்றால் ஒரே மூச்சில் குப்பென்று வெள்ளைப் புகையோடு போய்விடும். ஆனால் அது புது டப்பாவுக்குத்தான். தன் கையால் பிரித்து, பாதி செலவழித்த டப்பாவை யார் சோதிப்பார்கள்? அன்று மதியம் அந்த டப்பாவிலிருந்துதான் தோட்டாக்களை நிரப்பினார். மருந்து கொஞ்சம் கூடுதலாக இருப்பதுபோல் பட்டது. மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். கண்ணுக்கு அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. மைத்துனன் வந்து தோட்டாக்களை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மேட்டுத் தோப்புக்குப் போய்விட்டான். வெயில் சாய்ந்தால் பன்றி இறங்கும் இடம் அது.

சட்டையில் ஒரு பட்டன் தொங்குவதைத் தைத்துக்கொள்ளலாம் என்று டமாரம் தையல் மெஷின் பக்கம் போனார். அங்கே அந்தக் கண்ணாடி ஜாடி பளபளவென்று நின்றது. உள்ளே வண்ண வண்ணப் பட்டன்கள்.

"இதுல இருந்தது எங்கடி?"

மெஷினை நிறுத்தாமல், தலையை மட்டும் அவர் காதுப் பக்கம் சாய்த்துச் சொன்னாள். "உங்க டப்பாவுலதான் கொட்டிட்டேன். ரெண்டும் பாதிப் பாதி கெடந்துச்சு. ஒரே மருந்துதானே, எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?"

டமாரத்தின் கண் மைத்துனன் போன வழிக்குப் போயிற்று. சொன்னால் இவள் கத்தி ஊரைக் கூட்டுவாள், அதில் நேரம் போகும் என்று ஒரு நினைப்பு. சொல்ல நாக்கு எழவில்லை என்பதுதான் உண்மை.

"தம்பிக்கு போன் போடு. உடனே வரச்சொல்லு."

அவள் போட்டாள். அடுத்த அறையில், சார்ஜரில் மாட்டியபடி அவன் போன் பாட ஆரம்பித்தது. அது அவருக்குக் கேட்கவில்லை. "இங்கயே வச்சுட்டுப் போயிட்டான்" என்று அவள் சிரித்ததைத்தான் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கொட்டகை வாசலில் டிராக்டர் நின்றது. டிரைவர் அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தான். அவனைத் தரதரவென்று இழுத்து ஏற்றி, மேட்டுத் தோப்புக்கு விடச் சொன்னார். டிராக்டர் என்ன பறக்கவா போகிறது? அதன் குணப்படி அது போயிற்று. பாதி வழியில் டிரைவரின் தோளை உலுக்கினார்.

"நிறுத்து. சத்தம் கேக்குதான்னு சொல்லு."

"இஞ்சின் சத்தத்துல எங்கண்ணே கேக்கும்?" என்று அவர் இடது காதில் கத்தினான் டிரைவர்.

"அணைச்சுட்டுக் கேளு!"

அணைத்தால் கேட்கலாம், போக முடியாது. போனால் கேட்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் பட்ட பாடு பகைவனுக்கும் வேண்டாம். டிரைவர் அணைத்தான், காதைக் கொடுத்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே. ஆங்... இப்ப ஒண்ணு கேட்டுச்சு."

"எப்படிக் கேட்டுச்சு? தொம்முனு கேட்டுச்சா, பளீர்னு கேட்டுச்சா?"

"தொம்முனுதான்."

அடியில் கிடந்த கரிமருந்து அதிகம் விழுந்த தோட்டாவாக இருக்கும். உயிர் வந்தது. ஆனால் பட்டையில் இருக்கிற மற்றதெல்லாம்? எதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. எல்லாம் ஒன்றுபோல மினுக்கும் பித்தளை, எல்லாவற்றிலும் அவரே ஊற்றிய மெழுகு.

தோப்பின் ஓரத்தில் டிராக்டர் நின்றது. மேலே பாறை அருகே மைத்துனனின் முதுகு தெரிந்தது. டமாரம் தன் குரலை முழுவதும் திரட்டிக் கத்தினார். "மாப்ள! சுடாத! கீழ வையி!"

கொட்டகையை ஆட்டும் அந்தக் குரல் தோப்பெல்லாம் கேட்டிருக்கும், அவனைத் தவிர. என்னைப் போல ஆகிவிடாதே, பஞ்சு வை, பஞ்சு வை என்று தினமும் அவனைத் துளைத்தெடுத்தது யார்? இவர்தான். அவனும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. இரண்டு காதிலும் பஞ்சை இறுக்கமாக அடைத்திருந்தான்.

டமாரம் மேட்டில் ஏறினார், சறுக்கினார், மறுபடி ஏறினார். அவன் துப்பாக்கியைத் தூக்குவது தெரிந்தது. அவர் காதுக்கு ஒன்றும் வரவில்லை. அவன் பின்னால் சாய்ந்ததைத்தான் பார்த்தார். குழலைத் தாங்கியிருந்த இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று புரியாமல் குழந்தைபோல் உட்கார்ந்திருந்தான்.

உயிருக்குப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். நெற்றியில் தையல். கட்டிலருகில் ஒரு போலீஸ்காரர் மீதித் தோட்டா ஒன்றைப் பிரித்து, காகிதத்தில் கொட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, டமாரத்தின் நல்ல காதுப் பக்கம் வந்து உரக்கக் கேட்டார். "ரெண்டு மருந்த ஒண்ணா கலந்திருக்கு. யாரு செஞ்ச வேலை இது?"

மனைவி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்குவதை டமாரம் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறந்தது.

"நான்தான் கலந்தேன்" என்றார் டமாரம். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்த சொல் அது. இப்போது அவள் இல்லை என்பாள், தோளில் விழுந்து அழுவாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இதைச் சுமக்கலாம் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். தம்பியின் போர்வையைச் சரிசெய்தாள்.

கவனக்குறைவு என்று எழுதி வாங்கிக்கொண்டு போலீஸ் விட்டுவிட்டது. டமாரத்தின் கிடங்கு வேலை போயிற்று. குடியிருந்த அறைகளைத் தயவு பார்த்து விட்டுவைத்தார்கள். விசாரிக்க வந்த உறவுக்காரர்களிடம் முதலில் அவள், "ஏதோ கலந்துபோச்சு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, "மருந்து கலந்துட்டாங்க" என்றாள். மழைக்காலம் முடிவதற்குள் அது, "இவரு கலந்துட்டாரு" ஆகிவிட்டது. வீட்டில் இருவரும் தனியாக இருக்கும்போது பேச்சை எடுக்கப் பலமுறை அவர் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அவள் மெஷினை வேகமாக மிதிப்பாள். அவர் வந்த வழியே திரும்பிவிடுவார்.

ஒருநாள் பெரியம்மா ஒருத்தி வந்து, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனுக்கே சங்கடமாகிவிட்டது. "விடுக்கா, மாமா என்ன வேணும்னா செஞ்சாரு?" என்றான், அக்காவின் முகம் சிவப்பதைப் பார்த்து.

அவள் எழுந்து வந்தாள். டமாரத்தின் இடது காதருகில் குனிந்து, ஒரு வார்த்தைகூடத் தவறாமல் அவர் காதில் விழும்படி சொன்னாள். "எத்தன தடவ தலையால அடிச்சுக்கிட்டேன், அந்த ரெண்டையும் ஒண்ணா கொட்டாதீங்க, கொட்டாதீங்கன்னு. கேட்டீங்களா?"

டமாரம் அவள் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிற முகமாக இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நம்பித்தான் கேட்டாள்.

"தப்புதான்" என்றார்.