இங்கிலீஷுக்கு நான் வைத்த பெரட்டு

அப்புத்தளை ஸ்டேஷனில் வடைக் கூடை தூக்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இன்று அதே ஸ்டேஷனுக்கு மேலே ஆறு அறையுள்ள தங்குமிடம் என்னுடையது. இரண்டு வேன் ஓடுகிறது. மண் சரிந்து இரண்டு தடவை விழுந்த பின்சுவரை மூன்றாவது தடவையும் நானே நின்று கட்டினேன். என் இங்கிலீஷும் ரயிலில் வந்த வெளிநாட்டுக்காரர்களின் வாயிலிருந்து பொறுக்கியதுதான். எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் ஒரு ஹோட்டல் புதிதாகத் திறக்க இருந்தது. அறை சுத்தம் செய்யவும் துணி துவைக்கவும் பெண்கள் தேவையாம். நேர்முகத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் கேட்பார்களாம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள என்னைத் தேடி வந்தார்கள். அதில் ஒரு அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் போய்விட்டது, இனிமேல் மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

தோட்டத்தில் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் என் முற்றத்தில் வார்த்தைகளைக் கூப்பிட்டேன். ஒன்றுபோலக் கேட்கும் வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கும். "சோப்" என்பேன், "சவுக்காரம்!" என்பார்கள். "சூப்" என்பேன், "குடிக்கிறது!" என்பார்கள். வேலையாட்களை மேய்க்கும் கங்காணி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே கூப்பிடுவேன். பதில் சொல்லாதவருக்கு அன்றைக்குப் பாடம் இல்லை. அந்த அம்மா வாயே திறக்கவில்லை. மூன்று ஞாயிறு திருப்பி அனுப்பினேன்.

நான்காவது ஞாயிறும் வந்து நின்றார்.

"ஏம்மா, வாயில என்ன வெத்திலையா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்காவுக்குக் காது கேக்காதுங்க மொதலாளி. வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாங்க. நீங்க முதுகக் காட்டிக்கிட்டுக் கத்துனா அவங்க என்னாத்தப் பாக்குறது?"

எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, "வெட்" என்றேன். என் கணக்கில் அதற்கு ஈரம் என்றும் அர்த்தம், மாட்டு டாக்டர் என்றும் அர்த்தம். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன்.

அந்த அம்மா என் வாயையே பார்த்துவிட்டு, "எந்த வெட்டுங்க?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இல்லீங்களே" என்று வராந்தாவைக் காட்டினார். அங்கே ஒரு மாதமாக என்னிடம் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்ன ரெண்டு அர்த்தத்தையும் இவ எனக்குச் சொல்லிட்டா. அவுங்க பேசுறப்ப நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒண்ணுக்கு ஒதடு குவியுது, ஒண்ணுக்குப் பல்லு ஒதட்டுல படுது. ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே வாய்தாங்க."

வெளிநாட்டு அம்மாவைச் சொல்லிக் காட்டச் சொன்னேன். ஈரத்துக்கு உதடு குவிந்தது. மாட்டு டாக்டருக்குப் பல் கீழ் உதட்டைத் தொட்டது. முப்பது வருஷமாக அந்த வாய்களுக்கு எதிரே நின்று வடை விற்றவன் நான், காதை மட்டும்தான் நீட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மாதான் முன்னால் நின்று வாயைக் காட்டினார். என்னோடு சேர்த்து வரிசையில் எட்டுப் பேர். நேர்முகத்தில் அதிகாரியிடம், "என்னப் பாத்துப் பேசுங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டாராம். துணி துவைக்கும் பகுதியில் வேலை கிடைத்தது.

இப்போது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், எந்த எழுத்துக்கு வாய் எப்படி இருக்கும் என்று ஒரு படம் தொங்குகிறது. எங்கள் முற்றத்துப் பாடத்தை வந்து பார்த்த ஆசிரியர் ஒருவர் வரைந்தது. கீழே அவர் பெயர் மட்டும் இருக்கிறது. அவர் வரைந்தார், சரி. கண்டுபிடித்தது அந்த அம்மா. அந்த அம்மாவின் பெயரை முதலில் போடுங்கள். அடுத்தது என் பெயர், முற்றமும் பெரட்டும் என்னுடையவை. மூன்று ஞாயிறு அவரைத் திருப்பி அனுப்பியவனும் இவன்தான் என்று பக்கத்தில் எழுதினாலும் எழுதிக்கொள்ளுங்கள், இன்றுவரை எவரையும் முதுகைக் காட்டி நான் கூப்பிடாததற்குக் காரணம் அதுதான். ஆனால் என் பெயர் அங்கே இருந்தாக வேண்டும்.